மாப்பிள்ளை பார்க்க மைதானத்துக்குப் போனேன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் உளவு பார்க்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி, தூக்கிவிட்ட கொலர், ஓட்டை போட்ட பேப்பர் என்று ஒன்றும் கிடையாது. பழைய நீல ஜக்கெற், வேலைக்குப் போடும் சப்பாத்து, பைக்குள் மனைவி சுற்றித் தந்த ஆட்டிறைச்சி றோல்ஸ். இவ்வளவும்தான் என் ஆயுதங்கள்.

வேலையைத் தந்தவர் என் அத்தான் — அக்காவின் கணவர். அவர்கள் இருப்பது இஷொயில், கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில். நான் விபோர்க்கில். நடுவில் ஒரு கடல், ஒரு நீளப் பாலம், அரை நாள் கார் ஓட்டம். அதனால் எங்கள் இரண்டு வீட்டு நல்லது கெட்டதும் போனில்தான் நடக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இருக்கோ?”

அத்தான் சுகம் விசாரிக்காமல் கதையைத் தொடங்கினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“இல்லை அத்தான். ஏன்?”

“உங்கட ஊரிலை ஃபுட்போல் மட்ச் ஒண்டு இருக்காம். இஞ்சையிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வருது. அதிலை அவனும் வாறான்.”

“ஆர் அவன்?”

“தெரியாத மாதிரிக் கேக்கிறாய்! உன்ர மருமேள் கட்டினால் இவனைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறாளே… அவன்.”

தெரியும். மிக்கல். அக்காவின் மகள் அனிற்றாவோடு ஒன்றாகப் படித்த டேனிஷ் பொடியன். எலெக்ட்ரிசியன் வேலை. பாஸ்குப் பண்டிகைக்கு அனிற்றா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தே விஷயத்தை உடைத்துவிட்டாள். அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள்: “அப்பா ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன். ஆனா வேற ஆரையும் கட்டச் சொல்லியும் கேக்கக் கூடாது.”

எங்கள் அத்தானுக்கு இதைவிடப் பெரிய பொறியை யாரும் வைத்திருக்க முடியாது. சண்டை பிடித்துக்கொண்டு போயிருந்தால் அவரும் சண்டை பிடித்திருப்பார். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? அன்றிலிருந்து ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா போனில் அழுகிறாள். அனிற்றா வார விடுமுறைக்கு வந்து, அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, பதிலுக்காகக் காத்திருந்துவிட்டுப் போகிறாள்.

“வெள்ளை எண்டதிலை எனக்கு ஒண்டும் இல்லைத் தம்பி” என்றார் அத்தான். “வேதமும் பரவாயில்லை, அவையும் கிறிஸ்தவம்தானே, கதைச்சுப் பாக்கலாம். ஆனா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பஸ்ஸிலை ஏறி ஊரூராப் போறான். ஃபுட்போலாம்! காலமையே பியர் போத்தலோடை வெளிக்கிடுகிற கூட்டம். நான் ரெயினிலை கண்டிருக்கிறன். கத்தினா காது வெடிக்கும்.”

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று அத்தானிடமே கேட்டேன். “எழுது. பேரை எழுதாதை” என்றார்.

அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தார். எங்களுக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர். வடக்கே ஒரு சின்ன ஊரில் ஒற்றை அறை கொடுத்து விட்டிருந்தார்கள். மொழி தெரியாது, வேலை இல்லை, பக்கத்தில் ஒரு தமிழ்க் குருவி இல்லை. குடிக்கத் தொடங்கினார். தனியாகத்தான் குடித்தார். தனியாகத்தான் போனார். உயிர் போய்ச் சில நாட்களுக்குப் பிறகுதான் அத்தானுக்கே தெரியும்.

அன்றிலிருந்து அத்தான் வீட்டில் பியர் மட்டுமல்ல, பிராண்டி விட்ட நத்தார் கேக்கும் வாசலைத் தாண்டாது. கல்யாண மண்டபத்தில் ஒரு மூலையில் போத்தல் திறக்கிற சத்தம் கேட்டால், சாப்பிடாமலே காருக்குப் போய்விடுவார். சனம் அவரைப் பெருமைக்காரன் என்று சொல்லும். எங்களுக்குத் தெரியும், அது பெருமை இல்லை.

ஆகவே “மாப்பிள்ளை குடிப்பாரோ?” என்பது மற்ற வீடுகளில் சம்பிரதாயக் கேள்வி. இந்த வீட்டில் உயிர்க் கேள்வி.

விசாரிக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. லண்டனில் ஒரு மாப்பிள்ளை என்றால் இரண்டு போன் போதும். அவன் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், தகப்பன் யாரோடு உறவு முறிந்தவர், தமக்கை ஏன் இன்னும் கட்டாமல் இருக்கிறாள், எல்லாம் மேசைக்கு வந்துவிடும். அவர்கள் பக்கத்துச் சட்டியைக் கிண்டிப் பார்ப்போம். எங்கள் பக்கத்துச் சட்டியை இறுக்கி மூடி வைப்போம். அதுதானே முறை?

ஆனால் மிக்கலை யாரிடம் விசாரிப்பது? அவனுக்கு எங்களுக்குத் தெரிந்த ஊர் இல்லை. ஒன்றாகப் படித்த எங்கள் ஆள் இல்லை. பெரியம்மா மகன், சின்னம்மா மருமகன் என்று ஒரு கொழுவல் இல்லை. அத்தானின் அறுபது வருஷ அனுபவம் அங்கே போய்ச் சுவரில் முட்டி நின்றது. கடைசியில் — தாய்மாமன்!

“அவனுக்குத் தெரியாமல் பார். காலமையிலையிருந்து பார். எவ்வளவு குடிக்கிறான், குடிச்சாப்பிறகு எப்பிடி நிக்கிறான், எல்லாம் பார். உள்ளதை உள்ளபடி சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

“நான் இல்லை எண்டு சொன்னா?”

“தாய்மாமன் நீ. உனக்கில்லாத உரிமையோ?”

உரிமை என்ற சொல்லை வைத்து எங்கள் ஆட்கள் எத்தனை வேலை வாங்கியிருக்கிறார்கள்!

ஞாயிறு காலை பஸ் வந்து நின்றது. நான் தள்ளி ஒரு மரத்துக்குக் கீழே நின்றேன். கதவு திறந்ததும் ஒரு கலிங்கப் போர் இறங்கப் போகிறது என்று நினைத்தேன். இறங்கியது யார் தெரியுமா? கைத்தடி பிடித்த ஒரு முதியவர். பின்னால் சிவப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கழுத்தில் நீலச் சால்வை. பிறகு தாயும் மகளும். பிறகு இளவட்டங்கள். எல்லாரும் நீலம். மிக்கலைப் படத்தில் பார்த்திருக்கிறேன், உடனே தெரிந்தது. ஒல்லி, உயரம், காதுவரை சிரிப்பு.

இனி நேரே பப்தான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். கூட்டம் மற்றப் பக்கம் திரும்பியது. மேட்டில் ஏறியது. எங்கே போகிறார்கள்?

பேராலயத்துக்கு!

நானும் பின்னால் போனேன். வாசலில் தொப்பிகளைக் கழற்றினார்கள். கையில் இருந்த கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்கள். சுவர் முழுக்க, கூரை முழுக்க வேதாகமக் கதைகள், ஆளுயரப் படங்கள். சிவப்புக் கண்ணாடி அம்மா ஒவ்வொரு சுவராகக் காட்டி மெதுவாக விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். காது வெடிக்கக் கத்துகிற கூட்டம்… மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த ஊரில் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல். அந்த இரட்டைக் கோபுரத்தைக் காட்டி எத்தனை பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன் — “டொம்கியர்க்க, அதுதான் பேராலயம், கண்டால் இடப்பக்கம் திரும்புங்கோ.” உள்ளே போனது போன ஞாயிறுதான். நாங்கள் கத்தோலிக்கர், இது அவர்களுடைய கோயில் என்று ஒரு சாட்டு. சாட்டுக்கா பஞ்சம்?

யோசித்துப் பாருங்கள். டென்மார்க்கில் எங்கள் சனம் போகாத ஊர் உண்டா? சாமத்தியவீடு, கல்யாணம், முதலாம் ஆண்டு நினைவு, ஒளிவிழா… சில்க்போர்க்குக்கு எத்தனை தரம் போயிருப்பேன்! அங்கே வாவி இருக்கிறதாம், காட்டுக்குள் நடக்கிற பாதை இருக்கிறதாம். நான் கண்டது மண்டபம், மண்டபத்து மின்விளக்கு, மண்டபத்துப் புரியாணி. கார் கதவைத் திறந்து மண்டபத்துக்குள் இறங்கி, மண்டபத்திலிருந்து காருக்குள் ஏறி வந்தவன் நான். என்னைக் கேட்டால் டென்மார்க் என்பது வாகனத் தரிப்பிடம் வைத்த பெரிய மண்டபம் என்றுதான் சொல்வேன்.

இப்படி ஞானம் பிறந்து நிற்கும்போதுதான் அகப்பட்டுக்கொண்டேன்.

“தனியாகவா வந்தீர்கள்?”

சிவப்புக் கண்ணாடி அம்மா. பெயர் பென்ரெ. பள்ளிக்கூட ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம், பஸ்ஸின் பொறுப்பு அவருடையது. என் நீல ஜக்கெற்றைப் பார்த்திருக்கிறார். பஸ் நின்ற இடத்திலிருந்து நான் பின்னாலேயே வருவதையும் பார்த்திருக்கிறார். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டார் — தங்கள் அணியின் ரசிகன், ரெயினில் தனியாக வந்தவன், கூச்சப்படுகிறான்.

“ஓம்… தனியாகத்தான்” என்றேன் டேனிஷில். அதில் பொய் இல்லைத்தானே?

“எங்களோடு யாரும் தனியாக வரக்கூடாது” என்று சொல்லித் தன் பையிலிருந்து ஒரு நீலச் சால்வையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டார். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி, கேட்டுக் கேள்வி இல்லை. உளவாளி என்ன செய்வான்? நன்றி சொன்னேன்.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். எந்த ஊருக்கு மட்ச் பார்க்கப் போனாலும் அந்த ஊரில் ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் ஒருவரும் பியர் தொடக்கூடாது. கோயிலோ, குளமோ, நூதனசாலையோ, ஒன்று. “மட்ச் தோற்றாலும் அந்த நாள் தோற்கக் கூடாது, அதற்காகத்தான்” என்றார் பென்ரெ. அவர்கள் அணி அடிக்கடி தோற்குமாம். அதனால் டென்மார்க் முழுவதையும் நன்றாகப் பார்த்துவிட்டார்களாம்.

பிறகு ஏரிக்கரைக்கு நடந்தோம். பழைய சந்துகளுக்குள்ளால் நடந்தோம். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் சாய்ந்த சாய்ந்த வீடுகளோடு அப்படியொரு தெரு இருப்பதை கோப்பன்ஹேகன் பக்கத்துச் சனம் எனக்குக் காட்டியது. கைத்தடி முதியவர் களைத்தால் எல்லாரும் ஒரு சாட்டுக்குப் படம் எடுக்க நிற்பார்கள். அவர் மூச்சு எடுத்ததும் நடப்பார்கள். ஒருவரும் “களைப்போ?” என்று கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

மிக்கலை மட்டும் நான் கண்ணை விட்டு விலகவிடவில்லை. அவன் என்னை ஒரு தரம் பார்த்துத் தலையாட்டினான். அவ்வளவுதான்.

பிறகு பப். வந்தது பரீட்சை.

உள்ளே எங்கள் ஊர் ஆட்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். அடிதடி நடக்குமோ என்று கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். நடந்தது பாட்டுக்குப் பாட்டு! இவர்கள் அவர்களை நக்கலடித்து ஒன்று பாட, அவர்கள் திருப்பிக் கொடுக்க… பிறகு இவர்கள் தங்கள் அணியையே நக்கலடித்து ஒன்று பாடினார்கள் பாருங்கள், இரண்டு பக்கமும் மேசையில் அடித்துச் சிரித்தது. எங்கள் தொழிற்சாலை ஃபோர்மன் அந்தப் பக்கம் இருந்தார். என் கழுத்தைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார். துரோகம் என்றால் இப்படி வலிக்க வேண்டும்!

றோல்ஸை எடுத்து மேசையில் வைத்தேன். தின்றவர்கள் எல்லாரும் கண்ணில் தண்ணீரோடு பியரைத் தேடினார்கள். என் மனைவியின் மிளகாய்த்தூள் அன்று அந்தப் பப்புக்கு நல்ல வியாபாரம் கொடுத்தது. பதிலுக்கு எனக்குக் கறுத்தப் பாணில் ஊறவைத்த மீனும், ஒரு பியரும் வந்தன. நானும் குடித்தேன். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது அத்தானின் கட்டளை அல்லவா?

மிக்கலும் குடித்தான். ஒன்று முடிந்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கிளாஸும் அனிற்றாவின் தலையில் கல் விழுகிற மாதிரி இருந்தது எனக்கு. எடேய் பொடியா, கொஞ்சம் நிப்பாட்டன்ரா என்று மனதுக்குள் கெஞ்சினேன். இந்த விசர் வேலையை ஏன் ஏற்றுக்கொண்டேன்? ஓம், குடிக்கிறான் என்று சொன்னால் பிள்ளையின் வாழ்க்கை போச்சு. இல்லை என்று சொன்னால் அத்தானின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்?

அந்த மேசையில் ஊலெ என்று ஒரு பெரிய உருவம் இருந்தது. நல்ல மனுஷன், குழந்தைச் சிரிப்பு. மனைவி போன வருஷம் தவறிவிட்டாவாம். இரண்டு பேருமாகத்தான் எப்போதும் இந்த பஸ்ஸில் வருவார்களாம். மனைவி இல்லாமல் இதுதான் முதல் பயணம். மனுஷன் அளவு தெரியாமல் இறக்கிக்கொண்டிருந்தார். யாரும் பிடுங்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. ஆனால் இடைக்கிடை அவர் கிளாஸ் காணாமல் போகும், அதே இடத்தில் தண்ணீர் இருக்கும். யார் மாற்றுகிறார்கள் என்று பார்த்தேன். மிக்கல்.

மைதானத்துக்கு நடக்கும்போது அவன் எனக்குப் பக்கத்தில் வந்தான்.

“நீங்கள் அனிற்றாவின் மாமா” என்றான். கேள்வியே இல்லை.

“எப்ப கண்டுபிடிச்சனீர்?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு டேனிஷில் கேட்டேன்.

“பேராலயத்தில். வீட்டில் உங்கள் படம் வைத்திருக்கிறாள். நீங்கள் எழுதுவதையும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள்.”

வாசகர்களே, அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் புளுகம், ஒரு சந்தோஷம் வந்தது. எழுதுகிறவன் புத்தி!

“பிறகு ஏன் பேசாமல் இருந்தாய்?”

“நீங்கள் பேச விரும்பவில்லை என்று தெரிந்தது. பப்பில் யோசித்தேன், இன்றைக்கு ஒருநாள் பியர் வேண்டாம் என்று சொல்லலாமா என்று. சொல்லியிருந்தால் உங்களுக்கும் சுகம், எனக்கும் சுகம். ஆனால் அது நான் இல்லையே. பிறகு அனிற்றாவின் அப்பா ஓம் சொன்னால், அது இல்லாத ஒருவனுக்குச் சொன்ன ஓம்.”

அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டிய கையை எடுக்க மனம் வரவில்லை.

மட்ச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் அடித்தது. பிறகும் அடித்தது. பிறகும் அடித்தது. மூன்றாவது கோல் விழுந்ததும் நீலப் பக்கம் எழுந்து நின்று பாடத் தொடங்கியது பாருங்கள்… வென்றவர்கள்கூட அப்படிப் பாடவில்லை! பென்ரெ கையை விரித்துப் பாடுகிறார். கைத்தடி முதியவர் தடியைத் தூக்கிப் பாடுகிறார். மிக்கலின் கை என் தோளில். சொல் தெரியாவிட்டால் என்ன, நானும் வாயைத் திறந்து கத்தினேன். சொந்த ஊர் வென்ற நாளில் தோற்ற பக்கத்தில் நின்று இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசி விசிலுக்குப் பிறகு எடுத்தேன்.

“தம்பி, உன்னை ரீவியிலை கண்டனான்.”

செத்தேன்.

“இஞ்சை அனிற்றா மட்ச் போட்டவள். நான் பேப்பர் பாக்கிற மாதிரி இருந்தனான். பாத்தா… திரை முழுக்க நீ! கழுத்திலை என்ன அது?”

“குளிருக்கு அத்தான்.”

“மே மாசத்திலையோ? சரி, உன்ர தோளிலை கை போட்டுக்கொண்டு நிண்டது ஆர்?”

“…அவர்தான்.”

“நல்லது! வேலிக்கு ஓணான் சாட்சி!” அத்தான் மூச்சு வாங்கினார். குரல் மாறிற்று. “அதை விடு. குடிச்சவனோ?”

“ஓம் அத்தான்.”

மற்றப் பக்கம் ரீவியை நிப்பாட்டிவிட்டார்.

“நல்லாவோ?”

“மூண்டு, நாலு இருக்கும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் குடிச்சவன். ஒளிக்கேல்லை அத்தான்.”

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை.

“இப்ப என்ன செய்யிறான்?”

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வந்த பாதையில் இரண்டே பேர்தான் மிச்சம். அந்தக் காலத்து ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிறவர் மாதிரி, நான் கண்டதை அப்படியே சொன்னேன்.

“இஞ்சை ஒரு பெரிய மனுசன் இருக்கிறார் அத்தான். மனிசி செத்துப்போச்சாம். அவர்தான் கனக்கக் குடிச்சவர், கால் நிக்குதில்லை. உவன்தான் பிடிச்சுக்கொண்டு வாறான்… ஒரு கையைத் தன்ர தோளிலை போட்டிருக்கிறான்… இப்ப நிக்கினம். அந்தாளின்ர சப்பாத்துக் கயிறு கழண்டுபோச்சுது. குனிஞ்சு கட்டிவிடுறான்… அவர் அழுறார் அத்தான். உவனும் பக்கத்திலை நிலத்திலை இருந்திட்டான்.”

“மற்றவை? விட்டிட்டுப் போட்டினமோ?”

“இல்லை. பஸ்ஸுக்கு வெளியிலை நிக்கினம். ஒருதரும் ஏறேல்லை. அந்தாள் ஏறினாப் பிறகுதான் ஏறுவினம் போலை.”

அத்தான் மெல்லிய குரலில், “அவனுக்கு ஒரு சனமும் இருக்கேல்லையடா தம்பி” என்றார். போன் நின்றுவிட்டது.

யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். மைதானத்து வாசலில் நின்றபடி நானும் அழுதுவிட்டேன். அணி தோற்றதற்கு அழுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, வழியில் போன ஒருவர் என்னை ஆறுதலாகத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போய் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். “அத்தான் ஓம் எண்டவரோ, இல்லை எண்டவரோ? அதைச் சொல்லுங்கோவன்!” என்றாள். எனக்கே தெரிந்தால்தானே.

திங்கட்கிழமை வேலை இடைவேளையில் அனிற்றா போன் அடித்தாள். வழக்கம்போல டேனிஷில் தொடங்கினாள், மூச்சு விடாமல். ஞாயிறு பின்னேரம் அப்பா கார்ச் சாவியை எடுத்தாராம். “எங்கை போறியள்?” என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. இவள் ஓடிப்போய்ப் பின் சீற்றில் ஏறியிருக்கிறாள். நேரே பஸ் வருகிற இடம். சூரியன் இன்னும் இறங்கவில்லை. பஸ் வந்தது. மிக்கல் ஊலெயைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். முதல் தரம் அப்பாவும் அவனும் சந்திக்கிறார்கள். அவனில் பியர் மணம், பக்கத்தில் ஒரு குடிகாரன்!

அத்தான் கை கொடுக்கவில்லை. பெயர் கேட்கவில்லை. ஊலெயின் மற்றப் பக்கம் போய், மற்றக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். “இவர் வீடு எங்கே?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

காரில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய், மாடி ஏற்றி, சப்பாத்தைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அத்தான் குசினிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தாராம். பிறகு அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மிக்கலுக்கு ஏதோ சொல்லத் தொடங்கினாராம். நிறைய நேரம் சொன்னாராம்.

இந்த இடத்தில் அனிற்றா டேனிஷை விட்டுவிட்டாள்.

“மாமா… அப்பாக்கு ஒரு தம்பி இருந்தவராம். பேரும் சொன்னவர். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மிக்கலுக்குச் சொல்லேக்கைதான் நானும் கேட்டனான்.”

மாப்பிள்ளையை விசாரிக்கப் போனோம். எங்கள் வீட்டுச் சட்டியை நாங்களே திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறோம். இனி மிக்கல்தான் யோசித்து, எங்களுக்கு ஓம் சொல்ல வேண்டும்!